வால்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் 'தி வால்டன்ஸ்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த வீட்டு நீள மேசையையும், பதினோரு பேர் சேர்ந்து சாப்பிடுவதையும் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மனையியல் ஆசிரியையாக இருந்தவளுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கசக்குமா? இந்த மாதம் முழுக்க அந்த மேசைதான்.

அந்தத் தொடரை நான் பார்த்ததில்லை. என்ன கதை, எந்த ஊர், எந்தக் காலம்?
வாசகி, கோவை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ப்ளூ ரிட்ஜ் மலையை ஒட்டிய ஒரு கிராமம். கதை 1933-ல் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946 வரை போகிறது. அப்பா ஜான் வீட்டுப் பக்கத்திலேயே மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறார். அம்மா ஒலிவியா, தாத்தா, பாட்டி, ஏழு பிள்ளைகள். மூத்தவன் ஜான்-பாய்க்கு எழுத்தாளன் ஆக ஆசை. ராத்திரி விளக்கணைந்ததும் வீட்டை வெளியிலிருந்து காட்டுவார்கள். இருட்டுக்குள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி 'குட்நைட்' சொல்லிக்கொள்வது மட்டும் கேட்கும். தொடரைப் பார்க்காத அமெரிக்கர்களுக்குக்கூட அது தெரியும்.

எழுதியவர் ஏர்ல் ஹாம்னர். தான் பிறந்து வளர்ந்த ஸ்கைலர் என்ற ஊரையும் தன் குடும்பத்தையும் வைத்தே எழுதினார். அவர் வீட்டில் பிள்ளைகள் எட்டுப் பேர், அவர்தான் மூத்தவர். தொடரில் வயதான ஜான்-பாய் பழைய நாட்களை நினைத்துப் பேசும் குரல் ஹாம்னரின் சொந்தக் குரல். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 செப்டம்பர் முதல் 1981 ஜூன் வரை ஒன்பது சீசன் ஓடியது. இத்தனைக்கும் அதற்கு முந்தைய வருடம்தான் அதே சிபிஎஸ், கிராமத்துத் தொடர்கள் வேண்டாம் என்று வரிசையாக நிறுத்தியிருந்தது.

சாப்பாட்டுக் காட்சி நிறைய வருகிறது, ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்தக் காலத்து வர்ஜீனியா கிராமத்தில் உண்மையில் என்ன சாப்பிட்டார்கள்?
வாசகர், திருநெல்வேலி

நல்ல கேள்வி. கேமரா முகங்களைத்தான் பார்க்கும். கிண்ணங்கள் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது அவித்த பீன்ஸா உருளைக்கிழங்கா என்று தெரிவதற்குள் யாராவது ஒரு பிள்ளை ஏதாவது சொல்லி விடுவான்.

அமெரிக்காவின் தெற்கத்திக் கிராமங்களில் தினப்படிச் சாப்பாட்டுக்கு ஆதாரம் மக்காச்சோளம். அதை அரைத்த மாவில் ரொட்டி சுடுவார்கள், கஞ்சியும் காய்ச்சுவார்கள். கோதுமை மாவில் 'பிஸ்கட்' என்று ஒன்று உண்டு. டீயில் தோய்க்கிற நம் பிஸ்கட் இல்லை, மோர் ஊற்றிப் பிசைந்து சுட்ட, மெத்தென்ற சின்ன ரொட்டி. காலையில் அதுதான். பக்கத்தில் காய்ந்த பீன்ஸ் வேகவைத்தது, கீரை, உருளைக்கிழங்கு. கீரையிலும் பீன்ஸிலும் ஒரு துண்டு உப்புப் பன்றிக்கொழுப்பைப் போட்டுத்தான் வேகவைப்பார்கள். கறி வாங்க முடியாத வீட்டில் அந்தத் துண்டுதான் கறி வாசனை. கோழி வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் பாதிரியார் சாப்பிட வந்தால் நிச்சயம்.

பன்றி அடிப்பது நவம்பர் வாக்கில், நல்ல குளிர் வந்த பிறகுதான். வெயிலில் அடித்தால் கறி கெட்டுவிடும். தொடைக்கறியை உப்பில் புதைத்து வைத்து, அப்புறம் புகைபோட்டுத் தொங்கவிடுவார்கள், அது மாதக்கணக்கில் தாங்கும். உருக்கிய கொழுப்புதான் வருடம் முழுக்கச் சமையல் எண்ணெய். கோடையில் விளைகிற தக்காளி, பீன்ஸ், பீச் பழம் எல்லாம் கண்ணாடி ஜாடிக்குள் போய், கொதிநீரில் வெந்து, மூடி இறுகி அலமாரிக்கு ஏறும். பச்சைப் பீன்ஸை ஊசி நூலில் கோத்து, அடுப்புக்குப் பின்னால் தொங்கவிட்டு வத்தலாக்குவதும் உண்டு. ஹாம்னரின் ஊர் இருக்கும் நெல்சன் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போனது. இலையுதிர் காலத்தில் வாசலில் பெரிய தாமிர அண்டாவை வைத்து, ஆப்பிளைப் போட்டு, நீளக் கட்டைக் கரண்டியால் பொழுது முழுக்கக் கிண்டுவார்கள். கை மாற்றி, ஆள் மாற்றிக் கிண்டினால் சாயங்காலம் கரும்பழுப்பாகத் திரண்டு வரும். ரொட்டியில் தடவிக்கொள்ள அது குளிர்காலம் முழுக்க வரும்.

ஒரு எச்சரிக்கை, பழைய வேலையின் பழக்கம். படித்துவிட்டு வீட்டில் பீன்ஸை ஜாடியில் அடைத்து வைக்க வேண்டாம். புளிப்பில்லாத காய்களை அப்படி வைக்க, அதற்கென்றே உள்ள பிரஷர் கலத்தில் 116 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வெறும் கொதிநீர் போதாது. தப்பினால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷம் உண்டாகும். தக்காளிக்கும் பழத்துக்கும் புளிப்பு துணை நிற்கிறது, காய்க்கு அந்தத் துணை இல்லை.

அந்த மக்காச்சோள ரொட்டியை இங்கே செய்ய முடியுமா? நான் கடையில் சோள மாவு வாங்கிச் செய்தேன், பசையாக வந்தது.
வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் வாங்கியது கார்ன் ஃப்ளோர். சூப்பைக் கெட்டியாக்கப் போடுகிற வெள்ளை ஸ்டார்ச் அது, வழவழவென்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது முழு மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. வட இந்திய மளிகைக் கடையில் மக்கி ரொட்டி மாவு என்று கேட்டால் தருவார்கள். கிடைக்காவிட்டால் காய்ந்த மக்காச்சோளத்தை மில்லில் கொடுத்து, ரவையைவிடச் சற்று நைசாக உடைத்து வாங்குங்கள்.

இரண்டு கப் மாவு, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு முட்டையை அடித்து, புளித்த கெட்டி மோர் இரண்டு கப் சேருங்கள். மோரின் புளிப்புதான் சோடாவை வேலை செய்ய வைக்கிறது, அதனால் புளிக்காத மோர் ஆகாது. இரண்டையும் கட்டியில்லாமல் கலந்தால் போதும், அடிக்க வேண்டாம். தெற்கத்திப் பாட்டிகள் பலர் இதில் சர்க்கரை போட மாட்டார்கள், நானும் போடுவதில்லை.

முக்கியமான இடம் இனிமேல்தான். கனமான இரும்புச் சட்டியில் மூன்று நான்கு ஸ்பூன் வெண்ணெயோ நெய்யோ விட்டு, ஓவனில் 220 டிகிரியில் வைத்துச் சூடேற்றுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு மாவை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஓரத்தில் 'சொய்' என்று சத்தம் வராவிட்டால் சட்டி காயவில்லை. அந்தச் சூட்டில்தான் அடியும் ஓரமும் மொறுமொறுப்பாகப் பிடிக்கும். 20-25 நிமிடம் போதும். ஓவன் இல்லாதவர்கள் பணியாரக் கல்லில் ஊற்றி, மூடி, சிறு தீயில் வேகவைத்துத் திருப்பிவிடுங்கள், நன்றாகவே வரும்.

மீந்தால் மறுநாள் அதை ஒரு கிளாஸில் உதிர்த்துப் போட்டு, குளிர்ந்த மோரை ஊற்றி, ஸ்பூனால் சாப்பிடுவார்கள். ஏழை வீட்டில் பல ராத்திரிகள் அதுவே சாப்பாடு. நம் கம்பங்கூழைக் கரைத்துக் குடிப்பதைப் போலத்தான் வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். நானும் பையனும் அந்தத் தொடரின் சில பகுதிகளை இணையத்தில் பார்த்தோம். 'அவங்க வீட்ல மட்டும் அப்பா தினம் சாப்பிட உட்கார்றாரே' என்று கேட்டான். அப்படிக் குடும்பம் உண்மையில் இருந்ததா, இல்லை டிவிக்காகச் செய்ததா?
வாசகி, ராமநாதபுரம்

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பையனிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்: அந்தக் கதையை எழுதியவர் வீட்டிலும் வார நாட்களில் அப்பா இல்லை.

ஸ்கைலர் ஊரே ஒரு கல் கம்பெனியை நம்பி இருந்தது. அங்கே வெட்டியது மாக்கல். நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டி இருக்கிறதே, அந்த வகைக் கல்தான். அங்கே அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் ஆய்வக மேசைக்கும் அறுத்து அனுப்பினார்கள். ஹாம்னரின் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. 1929-ல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் கம்பெனி படுத்தது. 1933-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. எட்டுப் பிள்ளைக்காரர் என்ன செய்வார்? மலைக்கு அந்தப் பக்கம் வேய்ன்ஸ்பரோ என்ற ஊரில் டூபாண்ட் ஆலையில் வேலை கிடைத்தது. வாரம் முழுக்க அங்கேயே தங்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து, நெடுஞ்சாலையில் இறங்கி, மிச்சம் ஆறு மைல் நடந்து வீட்டுக்கு வருவார். 1933 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, பனி கொட்டுகிற நேரத்தில் அவர் வர நேரமாகிவிட்டது. வீடு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

அந்த ராத்திரியை வைத்து ஹாம்னர் ஒரு கதை எழுதினார். 1971 டிசம்பரில் 'தி ஹோம்கமிங்' என்ற பெயரில் அது டிவி படமாக வந்தது. அதில் அப்பா வெளியூரில்தான் இருக்கிறார். அம்மா ஆப்பிள் கூழ் போட்டுக் கேக் செய்கிறாள், பிள்ளைகள் வால்நட் உடைக்கிறார்கள், எல்லோருக்கும் காது வாசலில்தான். படம் பிடித்துப் போய், அடுத்த வருடம் தொடராக்கினார்கள். அப்போது செய்த மாற்றத்தைப் பாருங்கள்: அப்பாவுக்கு வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மில்லைக் கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்ட குரலுக்குக் கை கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்காரும் தூரத்தில்.

வாராவாரம் வருகிற தொடரில் அப்பா பாத்திரம் கண் முன்னால் இருந்தால்தான் கதை நகரும். இது ஒரு காரணம், சரிதான். ஆனால் எனக்கு அது மட்டும் போதவில்லை. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்த ஒரு பிள்ளை வளர்ந்து ஐம்பதை நெருங்கும்போது, கையில் பேனா இருந்தால், முதல் வேலையாக எதைச் சரிசெய்வான்? அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வருவான். அந்தத் தொடரை வெறும் சர்க்கரைப்பாகு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மேசையின் தலைமாட்டில் ஜான் உட்காரும் ஒவ்வொரு முறையும், ஹாம்னர் வீட்டில் அந்த நேரத்தில் காலியாக இருந்த நாற்காலி எனக்குத் தெரிகிறது.

என் மகன் ஷார்லட்ஸ்வில்லில் இருந்தபோது ஸ்கைலருக்குப் போயிருக்கிறேன், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹாம்னர் படித்த பள்ளிக்கூடத்தில் 1992-ல் வால்டன் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். தொடரில் வருகிற சமையலறையை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஹாம்னர் வளர்ந்த வீடும் இருக்கிறது. தொடரில் வரும் வீட்டைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் மனசு ஒரு நிமிடம் நின்றுவிடும், அத்தனை சின்னது. எட்டுப் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்தார்கள்.

உங்கள் பையனிடம் வெள்ளிக்கிழமை பஸ்ஸையும் ஆறு மைல் நடையையும் சொல்லுங்கள். அவன் அப்பா வருவதும் அதே மாதிரியான வருகைதான், வழி கொஞ்சம் நீளம். வீடியோ அழைப்பை ஒரு நாளாவது சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால், ராத்திரி எட்டரைக்கு நீங்கள் உட்கார்ந்தால் அங்கே ஏழு.

தொடரில் சமைத்த அம்மாவும் பாட்டியும் எல்லோருடனும் உட்கார்ந்தே சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நான் கடைசி. அது அவர்கள் ஊர் வழக்கமா?
வாசகி, சேலம்

உட்கார முடிவதற்குக் காரணம் பரிமாறும் முறை. எல்லாக் கிண்ணங்களையும் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஜெபம் சொல்வார்கள். அப்புறம் கிண்ணம் கைமாறிச் சுற்றும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். யாரும் நின்று பரிமாற வேண்டியதில்லை. சூடாக ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட வேண்டிய தோசை, சப்பாத்தி மாதிரி அந்தச் சாப்பாட்டில் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ரொட்டி ஒரே சட்டியில் முழுசாக வெந்து வந்துவிடும்.

ஆனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு எப்போதும் இடம் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். அறுவடைக்கு ஊரே வந்து வேலை செய்யும் நாட்களில் ஆண்கள் முதல் பந்தி, பெண்களும் பிள்ளைகளும் அப்புறம். பாதிரியார் வந்தால் பிள்ளைகள் காத்திருக்க வேண்டும், நல்ல கோழித் துண்டு போய்விடும். தொடரிலும் அடுப்படி வேலை பெண்கள் தலையில்தான். பெண் பிள்ளைகளில் மூத்தவள் மேரி எலன் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போடுவாள், பிற்பாடு நர்ஸ் ஆகிறாள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் சோறு, குழம்பு, கூட்டு, மோர் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். தோசை அன்று முடியாது, சரி. சோற்றன்று முடியும். 'அம்மா, மோர்' என்று யாராவது கேட்டால் சொம்பை அவர்கள் பக்கம் தள்ளுங்கள்.

நடிகர்கள் நிஜமாகவே சாப்பிடுவார்களா?
வாசகர், விருதுநகர்

கொறிப்பார்கள். ஒரே உரையாடலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பப் படம் பிடிக்க வேண்டும். தட்டில் இருப்பது ஒரு ஷாட்டில் பாதி, அடுத்த ஷாட்டில் முழுசு என்று ஆகிவிடக் கூடாது. அதனால் எந்தத் தொடரானாலும் சின்ன வாய்தான். பதினோரு பேர் உட்கார்ந்த மேசை என்றால் எடுக்கிறவர்கள் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

'ரெசிபி' என்று இரண்டு கிழவிகள் ஒன்றைக் கொடுப்பார்களே, அது என்ன பலகாரம்?
வாசகி, நாகர்கோவில்

பலகாரமே இல்லை, வீட்டில் காய்ச்சிய விஸ்கி. மேமி, எமிலி என்ற பால்ட்வின் சகோதரிகள் நீதிபதியாக இருந்த தங்கள் அப்பா விட்டுப்போன செய்முறைப்படி அதைக் காய்ச்சி, 'அப்பாவின் ரெசிபி' என்றே சொல்வார்கள். ஒலிவியா கண்டிப்பான பாப்டிஸ்ட் சபைக் கிறிஸ்தவர், வீட்டுக்குள் மது கூடாது. தாத்தாவுக்குத்தான் அந்த வீட்டுப் பக்கம் அடிக்கடி ஏதாவது வேலை இருக்கும்.

பாட்டியாக நடித்தவருக்கு நடுவில் என்ன ஆயிற்று? சில சீசனில் மேசையில் அவர் இல்லையே.
வாசகர், புதுச்சேரி

அவர் எலன் கார்பி. அந்தப் பாத்திரத்துக்காக அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதை மூன்று முறை வாங்கியவர். 1976 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு போய்விட்டது. பாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கதையில் சொல்லி, வேறு யாரையும் அந்த இடத்தில் போடாமல் காத்திருந்தார்கள். 1978 மார்ச்சில் திரும்பி வந்தார். அந்தப் பகுதியில் பாட்டி வீட்டுக்கு வருகிறாள், ஆனால் எல்லோரும் பாசத்தில் அவளை ஒரு வேலையும் செய்ய விட மாட்டேன் என்கிறார்கள். அதுதான் அவளை வாட்டுகிறது. காலமெல்லாம் அடுப்படியை ஆண்டவளை நாற்காலியில் உட்காரவைத்து ஊட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கார்பியின் வாயிலிருந்து வந்த சில சொற்கள் நிஜமாகவே தட்டுத்தடுமாறி வந்தவை. பக்கவாதம் வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அந்த ஒரு பகுதியைக் குடும்பத்தோடு பாருங்கள். பீன்ஸ் நாரெடுப்பதோ பூண்டு உரிப்பதோ, கை வருகிற ஒரு வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

அது ஒளிபரப்பாகி ஒரு மாதம் ஆவதற்குள், 1978 ஏப்ரலில், தாத்தாவாக நடித்த வில் கீர் இறந்துபோனார். தாவரவியல் படித்தவர், செடி கொடி என்றால் உயிர். அடுத்த சீசன் தாத்தாவின் மரணத்தோடுதான் தொடங்குகிறது. ஜான்-பாயாக நடித்த ரிச்சர்ட் தாமஸ் அதற்கு முன்பே விலகியிருந்தார், பிறகு அம்மாவாக நடித்த மைக்கேல் லேர்ன்டும் போய்விட்டார். மேசை என்னவோ அதே நீளம்தான்.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?
வாசகி, ஈரோடு

முதலில் 'தி ஹோம்கமிங்'. அதில் அம்மா, அப்பா, தாத்தாவாக வேறு நடிகர்கள், குழம்ப வேண்டாம். அப்புறம் தொடரின் முதல் பகுதி 'தி ஃபவுண்ட்லிங்': காது கேளாத ஒரு சிறுமியை யாரோ வாசலில் விட்டுப் போகிறார்கள், ஏற்கெனவே இழுபறியாக இருக்கும் வீட்டில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்துச் சைகை மொழி கற்றுக்கொள்கிறார்கள். அடுத்து 1973-ல் வந்த நன்றியறிதல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) பகுதி. பிறகு பாட்டி திரும்பி வருவது. பிடித்தால் முதல் ஐந்து சீசனையும் பாருங்கள், அதற்குப் பிறகு வருவதை நான் வற்புறுத்த மாட்டேன்.